அரை விரலும் முழு ஏரியும்

எருமை ஒதுங்கும் வரை நின்று, ஒதுங்கிய பிறகு அதற்கும் ஓர் 'ஓகே' சொல்லிவிட்டுப் பாதையைக் கடந்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் நேரா ஓகே அண்ணன். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று வாசகர்கள் யாராவது எழுதினால் நான் நம்பப் போவதில்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அது அச்சாகியிருந்தது. அட்டை எப்போதும் திரும்பியே தொங்கியதால் நாங்கள் யாரும் படித்ததில்லை. ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் லைன் லீடர், நான் ஸ்டோரில் இருந்தேன். சேர்ந்த முதல் நாளே, "நேரா ஓகே கிட்ட போய் டிரெய்னிங் எடுத்துகினு வா" என்று என்னை அனுப்பினார்கள். ஏதோ வெளிநாட்டுக்காரர் என்று நினைத்து, ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன்.

பெயருக்குக் காரணம் ஒரு விதி. எங்கள் தொழிற்சாலைத் தளத்துக்குள் சுமை தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி போகும் வழியைக் கடக்க வேண்டுமென்றால் மஞ்சள் கோட்டருகே நிற்க வேண்டும். வலது பக்கம் விரலை நீட்டிப் பார்த்து 'வலது ஓகே', இடது பக்கம் நீட்டிப் பார்த்து 'இடது ஓகே', எதிரே நீட்டி 'நேரா ஓகே' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைக்கலாம். நாங்களெல்லாம் இதை ஹெல்மெட் போலத்தான் வைத்திருந்தோம். போலீஸ் தெரிந்தால் தலையில், தெரியாவிட்டால் பெட்ரோல் டேங்க் மேல். சூப்பர்வைசர் முதுகைத் திருப்பினால் எங்கள் மூன்று ஓகேயும் ஒரே முணுமுணுப்பாகிவிடும்.

நேரா ஓகே அப்படியல்ல. கேண்டீனில் தட்டோடு நின்று சொல்வார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் சொல்வார். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பிராகாரம் சுற்றும் முன் மூன்று பக்கமும் விரல் நீட்டிச் சொன்னார். பின்னால் வந்த குடும்பம் அதைப் புது வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டு, தானும் மூன்று பக்கம் விரல் நீட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் இதனால்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், கூடத்துக்குள் நுழையும் முன் வழக்கம் போல நிலைப்படியில் நின்று வலது ஓகே, இடது ஓகே சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக எதிரே விரலை நீட்டிய நேரம் பார்த்துப் பெண் காபித் தட்டோடு எதிரே வந்து நின்றுவிட்டாள். "நேரா ஓகே" என்று இவர் சொல்லவும், மாப்பிள்ளை வாசலிலேயே சம்மதம் சொல்லிவிட்டார் என்று மாமனார் அப்போதே தாம்பூலம் மாற்றிவிட்டார்.

"என்னப் பாத்து சொன்னாருன்னு இத்தினி வருசமா நினைச்சிகினு இருந்தேன்" என்பார் அண்ணி. "நிலைப்படியப் பாத்து சொன்னாராம்."

"அதுக்கப்புறம் நானும் நல்லா பாத்தேனே" என்பார் இவர், சோற்றைப் பிசைந்தபடி. "ஒரு தப்பும் தெரியல."

விரல் என்றேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் வலது கை ஆள்காட்டி விரல் பாதியில் முடிந்துவிடும். நடுக்கணுவுக்கு மேல் ஒன்றும் கிடையாது. எப்படிப் போனது என்று கேட்டால், "அது போச்சி, வேலையப் பாரு" என்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விரல் நீட்டும் முறையைச் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. "நான் எப்படி செய்றனோ அப்டியே செய்யணும், கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்பார். வந்தவர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கி, அந்த மொட்டைக் கணுவால் வலது காட்டினார்கள், இடது காட்டினார்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இரண்டே வருடத்தில் மொத்தத் தொழிற்சாலையும் விரலை மடக்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இது இந்தியப் பண்பாடா என்று கேட்டார். எங்கள் மேனேஜர் யோசிக்காமல் ஆமாம் என்றார்.

ஏரிக்கு வருகிறேன். ஒரு வருடம் கம்பெனி மருத்துவ முகாமில் எனக்கும், கூட வேலை செய்த திருநெல்வேலிக்காரன் முருகேசனுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். தினமும் நட, முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது நட என்றார் டாக்டர். நானும் முருகேசனும் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக போண்டா சாப்பிடத்தான் போனோம். நேரா ஓகே எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து நின்றார்.

"உங்க ரெண்டு பேரையும் நாட் ஓகேன்னு தள்ளிட்டாங்க. சரி பண்ணணும். ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு ஏரிக்கர. வூட்டாண்ட வந்து எழுப்பணுமா, நீங்களா வர்றீங்களா?"

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஏரி உண்டு. அங்கே குடியிருந்தும் அதுவரை நான் அதைப் பார்த்தது கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகத்தான், அதுவும் தூக்கத்தில். அந்த ஞாயிறு கரைமேல் ஏறி நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய ஏரி என்று தெரிந்தது. தண்ணீரில் பனிமூட்டம். நாலைந்து நாமக்கோழிகள் தலையை ஆட்டி ஆட்டி நீந்திக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள் தலைகீழாகத் தண்ணீருக்குள் கிடந்தன. நான் நடக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பாத்து முடிச்சிட்டியா? நட" என்றார் நேரா ஓகே.

ஏரியை முழுதாகச் சுற்றி வந்தால் ஏழு கிலோமீட்டர் என்று அவர் கணக்கு. எங்கள் கால்கள் ஒன்பது என்றன. அந்த ஏழு கிலோமீட்டரில் அவர் பதினோரு இடங்களைக் குறித்து ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷன் என்று பெயர் வைத்தார். மதகு ஒன்றாம் ஸ்டேஷன். எருமைகள் இறங்கும் துறை நாலாம் ஸ்டேஷன். வேலிகாத்தான் முள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும் திருப்பம் எட்டாம் ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் நின்று, விரலை மடக்கி, மூன்று ஓகே. நடப்பது உடம்புக்கு நல்லது என்றால் நிற்பது எதற்கு நல்லது என்று முருகேசன் என்னிடம் கேட்டான். அதை அவரிடம் கேட்கும் தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை.

ஆறாம் ஸ்டேஷனில் ஒரு நாள் அவர் குரல் மாறியது. "நேரா நாட் ஓகே. பாம்பு." பாதையின் நடுவே கறுப்பாக வளைந்து கிடந்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். பாம்பும் அசையவில்லை. வெயில் ஏறியது, ஈ மொய்த்தது, முருகேசன் குலதெய்வத்துக்கு ஏதோ நேர்ந்துகொண்டான். அரை மணி நேரம் கழித்து ஆடு ஓட்டி வந்த பெண்ணொருத்தி குனிந்து அந்தப் பாம்பை எடுத்து ஓரமாக வீசிவிட்டுப் போனாள். பழைய சைக்கிள் டியூப்.

"ஏ அண்ணே, டியூபுக்காவா இவ்வளவு நேரம் நின்னோம்?" என்றான் முருகேசன்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "டியூபுன்னு தெரிஞ்சிகினு போறோமில்ல? தெரியாம போகல. அதான் முக்கியம்."

தன் வேலையில் அவருக்கு இருந்த நம்பிக்கையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன்.

ஆனால் ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. சுற்று முடியவில்லை. பத்தாம் ஸ்டேஷன் தாண்டியதும் கரை உடைந்து, உபரித் தண்ணீர் ஓடும் கால்வாய் சேறும் முள்ளுமாகக் கிடந்தது. அதைத் தாண்ட ஒரே வழி, பக்கத்தில் இருந்த சின்ன நிலத்தின் வரப்பு. அந்த வரப்பின் வாயில் முள்வேலி போட்டு அடைத்திருந்தது. கால் கிலோமீட்டர் வழி இல்லாமல், வந்த வழியே முழு ஏரியையும் திரும்ப நடந்தோம். எங்கள் சர்க்கரை இறங்கியதற்கு உண்மையான காரணம் அந்த முள்வேலிதான்.

நிலம் தனகோட்டியம்மாளுடையது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை, மகன் ஓசூரில் வேலை. நாங்கள் முதல் தடவை வேலியருகே போனபோது கத்திரிக் கொல்லையின் நடுவே அரிவாளோடு நிமிர்ந்தார். நேரா ஓகே கவனிக்கவில்லை. அவருக்கு அது பதினோராம் ஸ்டேஷன். விரலை வலது பக்கம் நீட்டி, "வலது ஓகே" என்றார்.

"எதுக்கு ஓகே?" என்றார் தனகோட்டியம்மாள். "என் கொல்லியப் பாத்து எதுக்கு ஓகே சொல்ற நீ?"

"இல்லக்கா, வழிய..."

"இப்டித்தான் முன்ன வந்தானுங்க. காலு மூணு கீற டப்பாவ வச்சிகினு, கையக் காட்டி ஓகே ஓகேன்னானுங்க. ஒரே வருசம். மூணு ஏக்கரா போயி நீலக் கூரை வந்திடுச்சி. இப்ப மீதி கீறது நாப்பது சென்ட்டு. இத்தயும் பாக்க வந்துட்டியா?"

அரிவாள் கையில் இருந்ததால் நாங்கள் அன்றைக்குச் சற்று வேகமாகவே திரும்பி நடந்தோம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் ஊருக்குள் கதை வேறாகிவிட்டது. ஏரியைச் சுற்றி ரோடு வரப் போகிறதாம். மூன்று அதிகாரிகள் ஞாயிறு தோறும் வந்து அளந்துவிட்டுப் போகிறார்களாம். அதில் அரை விரல்காரர்தான் பெரியவராம். அவர் எந்தப் பக்கம் விரல் காட்டுகிறாரோ அந்தப் பக்கம் நிலம் போய்விடுமாம். கரைமேல் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் மனு எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். ரோடு தன் வீட்டு வழியாக வர வேண்டாம், தன் தம்பி வீட்டு வழியாக வரட்டும் என்று அதில் விவரமாக எழுதி, கீழே வரைபடமும் போட்டிருந்தார்.

நேரா ஓகே டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று சொல்லிப் பார்த்தார். "நான் அதிகாரி இல்லப்பா. பிரஸ் ஷாப்புல வேல செய்றேன். இந்தா பாரு கார்டு."

டீக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "பாத்தியா, எவ்ளோ எளிமையா கீறாரு. பெரிய எடத்து ஆளுங்க இப்டித்தான் மறைப்பாங்க."

இதில் யாராவது நன்றாகச் சிரித்தார்களென்றால் அது ஒரு நிலத் தரகர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். அவர் தனகோட்டியம்மாளிடம் போய், சர்க்கார் எடுத்துக்கொண்டால் வருடக்கணக்கில் அலையணும், அதற்கு முன்னால் கிடைத்த விலைக்கு எனக்கே கொடுத்துவிடு என்று நைச்சியமாகப் பேசியிருக்கிறார். பயத்தில் அந்த அம்மாள் தலையாட்டிவிட்டார். திங்கட்கிழமை பத்திரப் பதிவு. டீக்கடைக்காரர் இதை எங்களிடம், ஏதோ எங்களுக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல, கண்ணடித்துக்கொண்டே சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை, ஷிப்டு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

நேரா ஓகே கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். நிற்கவில்லை, விரல் நீட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு டேங்கர் லாரி ஹாரனை அலறவிட்டு அவரை உரசிக்கொண்டு போயிற்று. அவரைத் தெரிந்த நாளாக நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த முள்வேலிக்குப் போனார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"யக்கா. நான் அளக்க வந்தவன் இல்ல. சொன்னா நீ நம்ப மாட்ட. நாளைக்கி எங்க கம்பெனில குடும்ப நாளு. வூட்டு ஆளுங்கள இட்டுகினு வந்து காட்டலாம். நீ வந்து உன் கண்ணால பாரு. பாத்துட்டு, அப்பறம் விக்கிறதுன்னா வித்துக்க."

"வந்தா கையெழுத்து கேப்பியா?"

"பிரியாணி போடுவாங்க. என் வூட்டுக்காரியும் வருது. உன் பக்கத்துலயே ஒக்காந்துக்கும்."

தனகோட்டியம்மாள் ஏரிக்கு அந்தப் பக்கம் தெரிந்த நீலக் கூரைகளைப் பார்த்தார். "எங்க நெலத்து மேல எல்லாம் கூரையப் போட்டுகினு உள்ள இன்னாதான் பண்றானுங்கன்னு நானும் ஒரு தபா பாக்கணும். வர்றேன்" என்றார்.

விண்ணப்பத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் நேரா ஓகே 'அக்கா' என்று எழுதினார். கூடப் பிறந்தவரா என்று ஆபீசில் கேட்டதற்கு, "பக்கத்து ஸ்டேஷன்" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ்ஸில் தனகோட்டியம்மாளும் அண்ணியும் ஒரு இருக்கையில், நேரா ஓகே பக்கத்து இருக்கையில், நான் பின்னால். கம்பியைப் பிடித்திருந்த அவர் கையையே அந்த அம்மாள் பார்த்துக்கொண்டு வந்தார்.

"விரலுக்கு இன்னா ஆச்சி?"

நான் 'அது போச்சி, வேலையப் பாரு' என்ற பதிலை எதிர்பார்த்தேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வேற ஒரு சின்னப் பட்டறைக்கா. பிரஸ் மிசினு. கூட இருந்தவன் 'ஓகேவா, ஓட்டட்டுமா'ன்னு கேட்டான். எனக்கு டீக்குப் போற அவசரம். பாக்காமயே ஓகேன்னுட்டேன். கை உள்ள கீது."

"யார் கை?"

"என் கைதான். என் கை எங்க கீதுன்னு பாக்காம நானே ஓகே சொன்னேன். அதுலேருந்து எத்தயும் பாக்காம சொல்றதில்ல."

அண்ணிக்கும் இது புதிது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இறங்கும்போது தனகோட்டியம்மாள், "வலிச்சிதா?" என்று கேட்டார். "அப்ப தெரியல. வூட்டுக்குப் போனப்புறம்தான்" என்றார் இவர்.

தளத்துக்குள் குடும்பங்களுக்கெல்லாம் மஞ்சள் தொப்பி போட்டு வரிசையாக அழைத்துப் போனார்கள். முதல் மஞ்சள் கோடு வந்தது. எங்களை வழிநடத்திய செக்யூரிட்டி நின்று, விரலைப் பாதியில் மடக்கி, வலது ஓகே, இடது ஓகே, நேரா ஓகே என்றார். பின்னால் வந்த சூப்பர்வைசர் அதையே செய்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த துப்புரவுப் பெண்கள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதையே செய்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீருடை போட்டவர்கள் நின்று நின்று அரை விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தனகோட்டியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அப்புறம் அடக்க முடியாமல் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏம்ப்பா, இவ்ளோ பெரிய கம்பெனில ஒருத்தருக்குக்கூட முழு விரலு இல்லியா?"

அடுத்த கோட்டில் அவர் முறை. மேனேஜர் மைக்கைப் பிடித்து, பாதுகாப்புதான் எங்கள் மூச்சு என்று பேசிக்கொண்டே, பேச்சு சுவாரசியத்தில் கோட்டைக் கடக்கக் காலை எடுத்தார். தனகோட்டியம்மாள் நேரா ஓகேயைப் பார்த்தபடியே விரலை மடக்கி வலது பக்கம் நீட்டினார். "சோத்தாங்கை பக்கம்..." என்று ஆரம்பித்தவர் நின்றார். வலது பக்கம் மூலையிலிருந்து ஃபோர்க்லிப்ட் ஒன்று இரண்டு பிரியாணி அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. "சோத்தாங்கை ஓகே இல்ல" என்றபடி மேனேஜரின் சட்டைப் பின்புறத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். மைக் கீழே விழுந்து கீச்சென்றது. பிரியாணி அவர்களைத் தாண்டிப் போனது. மேனேஜர் வேர்த்துப் போய் கும்பிடு போட்டார். முதலில் கைதட்டியது நேரா ஓகே, அப்புறம் மொத்தத் தளமும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மாள் சொன்னார்: "நானும் நாளைக்கிப் பாக்காமதான் கையெழுத்துப் போட இருந்தேன்."

திங்கட்கிழமை நடந்ததை டீக்கடைக்காரர் சொல்லித்தான் கேட்டேன். அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. தரகரின் வெள்ளைக் கார் நிலத்தருகே வந்து நின்றதாம். தனகோட்டியம்மாள் வரப்பில் நின்று விரலை மடக்கினாராம். "இந்தாண்ட கத்திரி, ஓகே. அந்தாண்ட வெண்டி, ஓகே. நேரா நீ. நீ மட்டும் ஓகே இல்ல. கௌம்பு." ரோடு வரும் கதையும் அதோடு படுத்துவிட்டது. எங்களுக்கு இளநீரும் நின்றுவிட்டது, அது ஒன்றுதான் நஷ்டம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் பதினோராம் ஸ்டேஷனுக்குப் போனபோது முள்வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவு வழி விட்டிருந்தது. தனகோட்டியம்மாள் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

நேரா ஓகே வரப்பின் வாயில் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். "உன் கொல்லியப் பாத்து நான் இனிமே கை நீட்ட மாட்டேன்க்கா" என்றார்.

"சரி, வா."

அவரால் வர முடியவில்லை. கையை நீட்டாமல் அவருக்குக் கால் எழவில்லை. வலது கால் மட்டும் கொஞ்சம் தூக்கியது, திரும்ப இறங்கியது. மறுபடி தூக்கியது, மறுபடி இறங்கியது. நெற்றியில் வேர்வை. கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுக்க, இத்தனை வருடப் பழக்கம் இன்னொரு பக்கம் இழுக்க, அந்த மனிதர் சொந்த ஏரியில் வழி தெரியாமல் நின்றார். "விடுங்கண்ணே, வந்த வழியே போயிருவோம். எனக்குப் பழகிட்டுல்லா" என்றான் முருகேசன். அவன் அதைச் சொன்னது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத்தான் தெரியும்.

தனகோட்டியம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரப்பின் நடுவே நின்றார். ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கினார். தன் நாற்பது சென்ட்டையும் அப்படிக் காட்டினார்.

"சோத்தாங்கை ஓகே. பீச்சாங்கை ஓகே." பிறகு அவரைப் பார்த்தே விரலை நீட்டி, "நேரா ஓகே. வாப்பா" என்றார்.

அவர் குனிந்த தலையோடு வரப்பில் நடந்து போனார். பின்னால் நாங்கள். மதகடியில் போய் நின்று, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம் என்று உறுதி செய்துகொண்ட பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழு கிலோமீட்டருதான். நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். நேரா ஓகேயை வேறு மாநிலத்தில் திறந்த புதுப் பிளான்ட்டுக்கு, புதியவர்களைப் பழக்குவதற்காக அனுப்பினார்கள் என்று முருகேசன் சொன்னான். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். பக்கத்தில் இருந்தபோது அதை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு வேலையாக ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியின் சீருடையில் ஒரு பெண் சாலையைக் கடக்க நின்றாள். இருபது வயது இருக்கும். வலது பக்கம் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் பாதியில் மடங்கியிருந்தது. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்று நானும் விரலை மடக்கிக்கொண்டேன். எனக்கு முழு விரல் இருக்கிறது. இன்று வரை அதை நான் முழுசாக நீட்டியதில்லை.